வேல மரங்களின் மரபணுவழி வகைப்பாடு

வேல மரங்களின் மரபணுவழி வகைப்பாடு என்பது கருவேலம், வெள்வேல், குடைவேல் முதலிய வேல மரங்களுக்கும், அவற்றை ஒத்த முள்மரங்களான சீமைக்கருவேலம், வன்னி ஆகியவற்றுக்கும் இடையே உள்ள படிவளர்ச்சி (பரிணாம) உறவை, அவற்றின் டி. என். ஏ. தொடர்வரிசைகளை ஒப்பிட்டு அறியும் முறையைக் குறிக்கும். பூக்கும் தாவரங்களின் வகைப்பாட்டில் 1990களுக்குப் பின் ஏற்பட்ட பெரும் மாற்றத்தின் ஒரு பகுதி இதுவாகும். இம்முறையால், 250 ஆண்டுகளாக அகேசியா என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த கருவேலம் வச்செலியா என்ற பேரினத்திற்கும், புரோசோபிஸ் என்ற பேரினத்தில் இருந்த சீமைக்கருவேலம் நெல்டுமா என்ற பேரினத்திற்கும் மாற்றப்பட்டன.

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே அமைந்துள்ள ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம் போன்ற கரிசல் நில நீர்நிலைகளைச் சூழ்ந்த பகுதிகளில் முள்மரங்களே மிகுதி. கருவேலம் நாட்டு மரம். மேழி, வண்டிச் சக்கரம் ஆகியவற்றுக்கும் பிசினுக்கும் ஆட்டுத் தீவனத்திற்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. 1980களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ் தமிழகக் கண்மாய்களில் இம்மரம் பெருமளவில் நடப்பட்டது. சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இன்று விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் நீர்நிலைகளையும் தரிசு நிலங்களையும் அது நிறைத்துள்ளது. விறகும் கரிமூட்டமும் பலருக்கு வாழ்வாதாரமாக இருப்பதால், அதனை அகற்றுவது குறித்த கருத்து வேறுபாடும் நீடிக்கிறது.

பெயரை மட்டும் நோக்கினால் சீமைக்கருவேலம் என்பது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு கருவேலம் என்றே தோன்றும். இரண்டிலும் முள் உண்டு. இரண்டின் இலைகளும் இறகு போல் இரு முறை பிரிந்தவை. இரண்டும் வறட்சி தாங்கி நெற்றுக் காய்ப்பவை. ஆனால் தோற்ற ஒற்றுமை உறவைக் காட்டும் உறுதியான சான்று ஆகாது. ஒரே வகையான வறண்ட சூழலில் வாழும் தொலைவான உயிரினங்கள் ஒரே வடிவத்தை அடைவதுண்டு. இதனைக் குவி படிவளர்ச்சி என்பர். எந்த ஒற்றுமை மூதாதையிடமிருந்து வந்தது, எது சூழலால் தனித்தனியே ஏற்பட்டது என்பதைப் பிரித்தறிய டி. என். ஏ. உதவுகிறது.

பழைய வகைப்பாடு

கார்ல் லின்னேயசு 1753இல் கருவேலத்தை மைமோசா நிலோட்டிகா என்ற பெயரில் விவரித்தார். பிலிப் மில்லர் 1754இல் அகேசியா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். 1842இல் சார்ச் பெந்தாம், தனித்தனியான பல மகரந்தத் தாள்களைக் கொண்டவை மட்டுமே அகேசியா என வரையறுத்தார். எளிதில் காணக்கூடிய இப்பண்பின் அடிப்படையில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஆத்திரேலியா, அமெரிக்கா ஆகியவற்றைச் சேர்ந்த 1,300க்கும் மேற்பட்ட இனங்கள் ஒரே பேரினத்தில் சேர்ந்தன.

பெந்தாமும் சோசப் டால்டன் ஊக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாட்டு முறையே இந்தியாவின் உலர்தாவரகங்களிலும் கல்லூரிகளிலும் நெடுங்காலம் பின்பற்றப்பட்டது. சே. எசு. கேம்பிள் தொடங்கி, சி. இ. சி. பிசர் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவர நூலும் (1915-1936) கருவேலத்தை அகேசியா என்றே பதிவு செய்துள்ளது. தோற்றப் பண்புகளை வைத்துத் தாவரங்களை அடையாளம் காண இம்முறை இன்றும் பயனுள்ளது. ஆயினும் உறவுமுறையைக் காட்டுவது அதன் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை.

மரபணுத் தொடர்வரிசையிலிருந்து உறவை அறிதல்

டி. என். ஏ. மூலக்கூறு அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என்னும் நான்கு காரங்களின் நீண்ட தொடராகும். தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும்போது சிற்சில இடங்களில் ஒரு காரத்திற்குப் பதிலாக வேறொன்று அமைந்துவிடுகிறது. ஓர் இனம் இரண்டாகப் பிரிந்தபின் இம்மாற்றங்கள் இரு கிளைகளிலும் தனித்தனியே சேர்கின்றன. எனவே பொது மூதாதையிடமிருந்து பெற்ற மாற்றங்களைப் பகிர்ந்துகொள்ளும் இனங்கள் நெருங்கிய உறவுடையவை எனக் கொள்ளலாம். மூலக்கூறுகளைப் படிவளர்ச்சியின் ஆவணங்களாகப் படிக்கலாம் என்ற கருத்தை எமில் சுக்கர்கேண்டல், லைனசு பாலிங் ஆகியோர் 1965இல் முன்வைத்தனர்.

செயல்முறை பின்வரும் படிகளைக் கொண்டது.

1. சேகரிப்பு: தாவரத்தின் இளம் இலைகள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளில் உலர்த்தப்படுகின்றன. அதே மரத்தின் பூ, காய், இலையுடன் கூடிய கிளை உலர்தாவரகத்தில் சான்று மாதிரியாக வைக்கப்படுகிறது. இனம் தவறாக அறியப்பட்டிருந்தால் பின்னர் சரிபார்க்க இதுவே ஒரே வழி.
2. பிரித்தெடுத்தல்: இலையிலிருந்து டி. என். ஏ. பிரிக்கப்படுகிறது. வேல மரங்களின் இலைகளில் டானின் போன்ற பொருள்கள் மிகுந்திருப்பதால் அவற்றை நீக்கக் கூடுதல் கவனம் தேவை.
3. பெருக்கலும் படித்தலும்: பாலிமரேசு தொடர்வினை மூலம் தேவையான மரபணு மட்டும் பல கோடி படிகளாகப் பெருக்கப்பட்டு, அதன் தொடர்வரிசை கருவியால் படிக்கப்படுகிறது.
4. ஒருங்கமைத்தல்: வெவ்வேறு இனங்களின் தொடர்வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒத்த இடங்கள் ஒரே நிரலில் வருமாறு கணினியால் அடுக்கப்படுகின்றன.
5. மரம் அமைத்தல்: அடுக்கப்பட்ட தரவிலிருந்து படிவளர்ச்சி மரம் கணிக்கப்படுகிறது.

தாவரங்களில் பெரும்பாலும் பச்சையக் கணிகத்தின் டி. என். ஏ. பயன்படுத்தப்படுகிறது. ஒவ்வோர் உயிரணுவிலும் அதன் படிகள் ஏராளமாக இருப்பதாலும், அது மெதுவாக மாறுவதாலும் ஆய்வு எளிதாகிறது. ஆர்பிசிஎல், மேட்கே என்பன அதிகம் பயன்படும் இரு மரபணுக்கள். முன்னது மெதுவாக மாறுவதால் குடும்பங்களுக்கு இடையிலான உறவிற்கும், பின்னது சற்று விரைவாக மாறுவதால் பேரினங்களுக்கு இடையிலான உறவிற்கும் பொருத்தமானது. 2009இல் இவ்விரண்டும் தாவரங்களுக்கான டி. என். ஏ. பட்டைக்குறிகளாகவும் பரிந்துரைக்கப்பட்டன.

எடுத்துக்காட்டு

விளக்கத்திற்காக மட்டும் அமைக்கப்பட்ட, பத்துக் காரங்கள் கொண்ட நான்கு தொடர்வரிசைகள் கீழே தரப்பட்டுள்ளன. இவை எந்த உண்மையான தாவரத்திற்கும் உரியன அல்ல. அ, கு, சை, தை என்பன முறையே நான்கு காரங்களின் முதலெழுத்துகள்.

முதல் இனம்: அ - கு - தை - சை - சை - அ - தை - கு - அ - சை
இரண்டாம் இனம்: அ - கு - தை - சை - தை - அ - தை - கு - அ - சை
மூன்றாம் இனம்: அ - தை - தை - அ - சை - அ - தை - கு - கு - சை
நான்காம் இனம்: அ - தை - தை - அ - சை - கு - தை - கு - கு - சை

2, 4, 9 ஆகிய இடங்களில் முதல் இரண்டு இனங்கள் ஒருபுறமும், மற்ற இரண்டும் மறுபுறமும் நிற்கின்றன. 5, 6 ஆகிய இடங்களில் ஓர் இனம் மட்டும் வேறுபடுவதால், இணைகளைத் தீர்மானிக்க அவை உதவா. முதல் இனமும் இரண்டாம் இனமும் ஓர் இணை, மற்றவை ஓர் இணை எனக் கொண்டால், இத்தரவை விளக்க 5 மாற்றங்கள் போதும். வேறு எவ்வகையில் இணைத்தாலும் 8 மாற்றங்கள் தேவை. மிகக் குறைந்த மாற்றங்களைக் கோரும் மரத்தைத் தேர்வது சிக்கன முறை எனப்படும். நடைமுறையில், காரங்கள் மாறும் நிகழ்தகவுகளைக் கணக்கில் கொள்ளும் பெரும நிகழ்வாய்ப்பு முறையும் பேயசு முறையும் மிகுதியாகப் பயன்படுகின்றன.

நான்கு இனங்களுக்கு வேரற்ற மரங்கள் மூன்று மட்டுமே உண்டு. ஐந்து இனங்களுக்கு 15. பத்து இனங்களுக்கு 20,27,025. நூற்றுக்கணக்கான இனங்கள் இருப்பின் எல்லா மரங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது எந்தக் கணினியாலும் இயலாது. எனவே நல்ல மரங்கள் இருக்கக்கூடிய பகுதியை மட்டும் தேடும் நிரல்கள் எழுதப்பட்டன. கிடைத்த கிளை எவ்வளவு உறுதியானது என்பதை அறிய, தரவின் நிரல்களைத் தற்போக்காக மீண்டும் மீண்டும் தெரிந்தெடுத்து மரம் அமைக்கும் மீள்மாதிரிச் சோதனையை சோசப் பெல்சன்சுடைன் 1985இல் அறிமுகப்படுத்தினார். ஒரு கிளை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட மரங்களில் தோன்றினால் அது பொதுவாக உறுதியானதாகக் கருதப்படுகிறது.

பூக்கும் தாவரங்களின் புதிய வகைப்பாடு

1993இல் மார்க் சேசும் 41 ஆய்வாளர்களும் ஆர்பிசிஎல் மரபணுவைக் கொண்டு 499 விதைத் தாவரங்களின் உறவை வெளியிட்டனர். இதனைத் தொடர்ந்து பூக்கும் தாவர இனவரலாற்றுக் குழு 1998இல் தன் முதல் வகைப்பாட்டை வெளியிட்டது. 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. 2016 பதிப்பில் 64 வரிசைகளும் 416 குடும்பங்களும் உள்ளன. 2024இல் கியூ தாவரவியல் பூங்காவின் தலைமையில் வெளியான ஆய்வு, 353 உட்கரு மரபணுக்களைக் கொண்டு ஏறத்தாழ 8,000 பேரினங்களை ஒரே மரத்தில் அமைத்தது. இது பூக்கும் தாவரப் பேரினங்களில் சுமார் 60 விழுக்காடாகும்.

தீக்குச்சிக்கு உதவும் பெருமரமும் வேம்பும் மாமரமும் இம்மாற்றத்திற்கு எளிய எடுத்துக்காட்டு. பெந்தாம்-ஊக்கர் முறையில் முதலிரண்டும் செரானியேல்சு என்ற வரிசையிலும் மாமரம் சாப்பின்டேல்சு வரிசையிலும் இருந்தன. மரபணுச் சான்றின்படி மூன்றும் சாப்பின்டேல்சு வரிசையைச் சேர்ந்தவை.

அவரைக் குடும்பம்

வேல மரங்கள் அவரைக் குடும்பத்தைச் (பபேசியே) சேர்ந்தவை. பூவின் அமைப்பைக் கொண்டு இக்குடும்பம் நீண்ட காலம் மூன்று துணைக்குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது: பட்டாணி போன்ற பூக்களை உடையவை, ஆவாரை போன்ற பூக்களை உடையவை, வேலம் போன்று திரண்ட சிறு பூக்களை உடையவை. 2017இல் அவரைக் குடும்ப இனவரலாற்றுப் பணிக்குழு, 765 பேரினங்களில் 698 பேரினங்களைச் சேர்ந்த 3,696 இனங்களின் மேட்கே தொடர்வரிசைகளைக் கொண்டு, ஆறு துணைக்குடும்பங்களை முன்வைத்தது. அதில் வேல மரங்கள் தனித் துணைக்குடும்பம் அல்ல. ஆவாரை அடங்கிய சீசல்பினியாய்டியே துணைக்குடும்பத்தின் உட்கிளையே ஆகும்.

இதன் விளைவு வியப்பானது. ஆவாரையும் புளியும் முன்னர் ஒரே துணைக்குடும்பத்தில் இருந்தன. இப்போது புளி டெட்டாரியாய்டியே என்ற வேறு துணைக்குடும்பத்தில் உள்ளது. ஆவாரை, புளியைவிடக் கருவேலத்திற்கே நெருங்கிய உறவுடையது.

அகேசியா பேரினத்தின் பிரிவு

அகேசியா இயல்பான குழு அல்ல என்ற ஐயம் மரபணு ஆய்வுகளுக்கு முன்பே இருந்தது. 1986இல் ஆத்திரேலியத் தாவரவியலாளர் லெசுலி பெட்லி, தோற்றப் பண்புகளையும் பிற சான்றுகளையும் கொண்டு அதனை மூன்றாகப் பிரிக்க முன்மொழிந்தார். 2000ஆம் ஆண்டையொட்டி வெளியான பச்சையக் கணிக டி. என். ஏ. ஆய்வுகள் இந்த ஐயத்தை உறுதிப்படுத்தின. பெரிய குழுக்கள் ஒன்றுக்கொன்று அடுத்தடுத்து அமையாமல், மரத்தின் வெவ்வேறு இடங்களில் தோன்றின. ஒரே மூதாதையின் எல்லா வழித்தோன்றல்களையும் கொண்ட ஒருமூதாதைக் குழுவே பேரினமாக இருத்தல் வேண்டும் என்பது இன்றைய கொள்கையாதலால், அகேசியா பின்வருமாறு பிரிக்கப்பட்டது.

- வச்செலியா: சுமார் 160 இனங்கள். இலையடியில் இணையாக அமைந்த முட்கள் உண்டு. கருவேலம், வெள்வேல், குடைவேல் ஆகியவை இதில் அடங்கும்.
- செனகாலியா: சுமார் 200 இனங்கள். முட்கள் கொக்கி போல் வளைந்தவை. சீயக்காய் இதில் அடங்கும்.
- அகேசியா: சுமார் 1,000 இனங்கள். பெரும்பாலும் ஆத்திரேலியாவிற்கு உரியவை. நீலகிரியிலும் பழனி மலையிலும் நடப்பட்டுப் பரவிய வாட்டில் மரங்கள் இதில் அடங்கும்.
- அகாசியெல்லா, மரியோசௌசா: அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த சிறு பேரினங்கள்.

உறவு நோக்கில், ஆத்திரேலிய அகேசியாக்கள் கருவேலத்தைவிட வாகை, தூங்குமூஞ்சி மரம், கொடுக்காப்புளி ஆகியவற்றுக்கு நெருக்கமானவை.

பெயர் குறித்த சர்ச்சை

தாவரப் பெயரிடல் விதிகளின்படி, ஒரு பேரினம் பிரிக்கப்படும்போது பழைய பெயர் அதன் வகைமாதிரி இனம் உள்ள பகுதிக்கே உரியது. அகேசியாவின் வகைமாதிரி கருவேலமே ஆகும். எனவே விதியின்படி கருவேலம் அகேசியாவாகவே நீடித்து, ஆத்திரேலிய இனங்களே பெயர் மாறியிருக்க வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் இனங்களின் பெயரை மாற்றுவதைத் தவிர்க்க, வகைமாதிரியை ஆத்திரேலிய இனமான அகேசியா பென்னினெர்விசு என மாற்ற 2003இல் முன்மொழியப்பட்டது.

2005இல் வியன்னாவில் நடைபெற்ற பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் இது வாக்கெடுப்பிற்கு வந்தது. வாக்களித்தவர்களில் 54.9 விழுக்காட்டினர் மாற்றத்தை எதிர்த்தனர். ஆயினும் குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 விழுக்காடு தேவை எனக் கொள்ளப்பட்டதால் மாற்றம் நிலைபெற்றது. பெரும்பான்மையோர் எதிர்த்த ஒன்று ஏற்கப்பட்டதைப் பலர் கண்டித்தனர். ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் மரங்கள் தம் பெயரை இழந்தன என்ற மனக்குறையும் எழுந்தது. 2011 மெல்பர்ன் மாநாட்டிலும் இம்முடிவு மாற்றப்படவில்லை. மரபணு ஆய்வு குழுக்கள் வேறுவேறானவை என்பதை மட்டுமே நிறுவியது. எக்குழு எப்பெயரைப் பெறும் என்பது விதிகளாலும் வாக்குகளாலும் முடிவானது.

வச்செலியா என்ற பெயர் தென்னிந்தியத் தாவரவியலோடு தொடர்புடையது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவரும் தாவரவியலாளருமான இராபர்ட்டு வைட், வாக்கர்-ஆர்னட்டுடன் இணைந்து 1834இல் வெளியிட்ட தென்னிந்தியத் தாவர நூலில் இப்பேரினத்தை அறிமுகப்படுத்தினார். நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த அப்பெயர் மரபணுச் சான்றால் மீண்டும் வழக்கிற்கு வந்தது. கருவேலத்தின் இன்றைய பெயரான வச்செலியா நிலோட்டிகா 2008இல் வெளியிடப்பட்டது.

சீமைக்கருவேலமும் வன்னியும்

கோயில்களில் தலமரமாகப் போற்றப்படும் வன்னியும் சீமைக்கருவேலமும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2022இல் 997 உட்கரு மரபணுக்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, இப்பேரினம் மூன்று தனித்தனிக் கிளைகளின் கலவை எனக் காட்டியது. அதன்படி புரோசோபிஸ் என்ற பெயர், வகைமாதிரியான வன்னி உள்ளிட்ட மூன்று பழைய உலக இனங்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. ஆப்பிரிக்க இனம் ஒன்று அனோனிக்கியம் ஆயிற்று. அமெரிக்க இனங்கள் நெல்டுமா, சிட்ரோம்போகார்ப்பா என இரு பேரினங்களாயின. சீமைக்கருவேலம் நெல்டுமா சூலிப்புளோரா எனப்படுகிறது. இதுவும் 1838இல் இரபினெசுக்கு இட்ட பழம்பெயரே. செனகாலியா என்ற பெயரையும் அதே ஆண்டில் அவரே வெளியிட்டார்.

ஆக, சீமைக்கருவேலம் கருவேலத்தின் வகையும் அன்று. வன்னியின் பேரினத்தைச் சேர்ந்ததும் அன்று. மூன்றும் வேறுவேறு பேரினங்கள்.

நடைமுறைப் பயன்கள்

2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக்கருவேல மரங்களை அகற்ற ஆணையிட்டது. 2022இல் தமிழக அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டது. இத்தகைய பணிகளில் எது சீமைக்கருவேலம், எது நாட்டுக் கருவேலம் அல்லது வன்னி என்பதைப் பிழையின்றி அறிதல் இன்றியமையாதது. முதிர்ந்த மரங்களைப் பூவையும் காயையும் கொண்டே பிரித்தறியலாம்: கருவேலத்தின் பூக்கள் மஞ்சள் உருண்டைகளாகவும், சீமைக்கருவேலத்தின் பூக்கள் நீண்ட கதிர்களாகவும் அமைந்திருக்கும். நாற்று, விதை, மரத்துண்டு, மருந்துப்பொடி ஆகியவற்றில் இவ்வடையாளங்கள் இரா. அங்கு பட்டைக்குறி மரபணுக்கள் உதவுகின்றன.

பூச்சிகளைக் கொண்டு களைகளைக் கட்டுப்படுத்தும் முறையிலும் படிவளர்ச்சி மரம் பயன்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் அமெரிக்க முள்மரங்களின் விதைகளை உண்ணும் வண்டு 1987இல் விடப்பட்டது. இவ்வாறு ஒரு பூச்சியை விடுமுன், அது வேறு எச்செடிகளைத் தாக்கும் எனச் சோதிக்க வேண்டும். களைக்கு நெருங்கிய உறவுடைய தாவரங்களில் தொடங்கித் தொலைவானவை நோக்கிச் சோதனை விரியும். உறவுமுறை தவறாக இருந்தால் சோதிக்க வேண்டிய மரம் விடுபட்டுப்போகலாம்.

வரம்புகள்

ஒரு மரபணுவின் வரலாறு எப்போதும் இனத்தின் வரலாறாக இருப்பதில்லை. கரிசல் நிலத்தின் மற்றொரு தாவரமான பருத்தி இதற்குச் சான்று. கருங்கண்ணிப் பருத்தி 26 குரோமோசோம்களை உடைய பழைய உலக இனம். கம்போடியாப் பருத்தி சேர்ந்த அமெரிக்க இனம் 52 குரோமோசோம்களை உடையது. பழைய உலகப் பருத்தியின் உறவான ஒன்றும் அமெரிக்கக் காட்டுப்பருத்தியின் உறவான ஒன்றும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கலந்து தோன்றியது. பச்சையக் கணிகம் பருத்தியில் தாய்வழியே வருவதால், அதை மட்டும் படித்தால் பழைய உலக மூதாதை மட்டுமே புலப்படும். உட்கரு மரபணுக்களைப் படித்தால்தான் மற்றொரு மூதாதை தெரியவரும். 1990களில் ஒன்றிரண்டு மரபணுக்களை நம்பிய ஆய்வுகள், இன்று நூற்றுக்கணக்கான உட்கரு மரபணுக்களைப் பயன்படுத்துவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

இனங்கள் மிக விரைவாக அடுத்தடுத்துப் பிரிந்திருந்தாலும், சில கிளைகள் மட்டும் மிக வேகமாக மாறியிருந்தாலும் தவறான மரம் கிடைக்கக்கூடும். மாதிரியில் சேர்க்கப்படாத இனங்களைப் பற்றி மரம் எதுவும் கூறாது.

பெயர்களும் வழக்கும்

பெயர் மாற்றங்கள் மாணவர்களுக்கும் வேளாண், வனத்துறைப் பணியாளர்களுக்கும் இடர்ப்பாடு தருவன. பழைய நூல்கள், உலர்தாவரகச் சீட்டுகள், மருந்து நூல்கள் ஆகியவற்றில் அகேசியா நிலோட்டிகா, புரோசோபிஸ் சூலிப்புளோரா என்ற பெயர்களே உள்ளன. ஒரு மரத்தைப் பற்றிய செய்திகளை முழுமையாகத் திரட்ட விரும்புவோர் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் தேடுதல் வேண்டும். தமிழ்ப் பெயர்களுக்கு இம்மாற்றத்தால் ஊறு எதுவும் இல்லை. அறிவியல் பெயர் இரண்டு முறை மாறியபோதும், மைமோசா, அகேசியா, வச்செலியா ஆகிய மூன்றும் குறித்த மரம் தமிழில் கருவேலம் என்றே வழங்கி வருகிறது.